ஆர்தர் காட்டன் துரை சரிதம்

நம் சங்கத்தைச் சார்ந்த குடும்பங்களிற் பெரும்பாலன காவிரி நீரால் விளைந்த நெல்லை உண்டு வளர்ந்தவை. அந்நீரை நமக்கு வகுத்துத் தந்தோர் யாவரெனக் கேட்டால், கரிகாற் பெருவளத்தான் பெயரைச் சிறுவரும் கூறுவர். அவனுக்குப் பன்னெடுங் காலத்திற்குப் பின்னர் வந்த ஓர் ஆங்கிலேயர் பெயரைக் கூறுவார் மிகச் சிலரே. இந்நாளில் நம்மவர் இல்லந்தோறும் ஒரு பிள்ளையேனும் பொறியியல் பயில்கின்றது, பெண்மக்களும் பயில்கின்றனர். அவர்கள் கற்கும் நூல்களிற் கணக்கு நிரம்ப உண்டு. கணக்கிட்டவன் எவ்விடத்து யாருக்கு அஞ்சவேண்டும், யாருக்கு அஞ்சலாகாது என்பது அவற்றில் அருகியே காணப்படும். அது பற்றியே, ஸர் ஆர்தர் காட்டன் வாழ்க்கையை இவ்விதழில் எழுதப் புகுந்தோம்.

அவர் 1803-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் இங்கிலாந்தில் செஷயர் நாட்டிற் பிறந்தார். ஹென்றி கால்வெலி காட்டன் என்பாரின் பத்தாம் மகன். கிழக்கிந்தியக் கும்பினியார் நடத்திய அடிஸ்கோம் இராணுவப் பள்ளியிற் பயின்று, 1821-இல் பதினெட்டு வயதினராய்ச் சென்னைக்கு வந்து சேர்ந்தார். பர்மியப் போரில் ஊழியஞ் செய்தார். இளமைக்குரிய பிற செய்திகள் நமக்கு வேண்டற்பாலன அல்ல. காவிரிக் கரைக்கு வருவோம்.

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகின்றது. வடகிளை கொள்ளிடம், தென்கிளை காவிரியென்னும் பெயரையே தாங்கிச் செல்கின்றது. கொள்ளிடம் கடலை நோக்கி நேராகவும் சரிவாகவும் ஓடுவது. ஆதலின் ஆண்டுதோறும் அதன் படுகை ஆழ்ந்தது. காவிரியின் வாயோ மணலால் மேடிட்டது. நீர் குறைந்த காலத்தில் வந்ததெல்லாம் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்கே போயிற்று. குடிகள் மணலாலும் தழையாலும் கொறம்பு கட்டித் தம்மாலியன்ற மட்டும் நீரைத் திருப்பினர்; அடுத்த வெள்ளத்தில் அது கரைந்துபோம். தஞ்சாவூர் ஜில்லாவில் நிலங்கள் தரிசாகிவருவதைக் கண்டு துரைத்தனத்தார் கவலையுற்றனர். அக்கவலையில் குடிகளின் வயிற்றைப் பற்றியது எவ்வளவு, தீர்வைப் பணத்தைப் பற்றியது எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்க யாம் முற்படவில்லை.

1828-இல் இதனை ஆராயும் பணி காட்டனுக்கு வந்தது. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து. கல்லணைக்கு மேலே மணல் மலைபோற் குவிந்திருந்தது. அணையின் உடம்பைத் துளைத்து மணற்போக்கிகள் வைத்தாலன்றி அது நீங்காது. ஆனால் பல நூற்றாண்டுகள் வெள்ளத்தைத் தாங்கிய பழங்கட்டடத்தைத் துளைப்பது எளிய செயலன்று. அது பிளந்தால் கீழுள்ள நாடு முழுதும் வறளும். துளைக்காது விட்டால் சிறிது சிறிதாக வறளும். பின்னதற்கு எந்த இளம் அதிகாரியையும் யாரும் குற்றஞ் சொல்லார். மேலிடத்துக்கு ஓர் அறிக்கை எழுதிவிட்டுச் சும்மா இருப்பது உத்தியோகத்தில் என்றும் தீங்கற்ற வழி.

காட்டன் அங்ஙனம் இருந்தாரல்லர். முதலில் அணையின் அடியை ஆராய்ந்தார். பாறையில் கடைகால் இடாமல், ஆழங்காணாத மணலின்மேல், கருங்கற்களைக் களிமண்ணோடு அடுக்கியே பண்டையோர் அதனைக் கட்டியிருந்தனர். கற்கள் அமிழ அமிழ மேலே கல்லிட்டு, இனி அமிழாது என்னும் நிலைக்குக் கொணர்ந்தனர் போலும். மணலில் அணை நிற்கும் என்பதை அக்கட்டடத்தினின்றே தாம் கற்றதாக அவர் பிற்காலத்தில் ஒளியாது எழுதினார். ஆளுங்குலத்தார் ஒருவர் ஆளப்பட்டோரின் முன்னோரைத் தமக்கு ஆசானென ஒப்புக்கொண்டது அக்காலத்தில் அரிது. எம் மாணாக்கரைக் கல்லணைக்கு அழைத்துச் செல்லும்போதெல்லாம் இதனையும் கூறி வருகின்றோம். ஆராய்ச்சி முடிந்தபின் 1830-இல் மணற்போக்கிகள் அமைந்தன, அணை அசையவில்லை.

அடுத்தது முக்கொம்பு மேலணை. கொள்ளிடத்தின் தலைப்பில் குறுக்கே ஓரணை கட்டினால் நீர் காவிரிக்குத் திரும்பும். கணக்கு எளிது. ஆயின், ஓரிடத்துக்கு நீர் மிகுந்தால் மற்றோரிடத்துக்குக் குறையுமன்றோ? கொள்ளிடத்தை நம்பித் தென்னார்க்காட்டுக் குடிகளும் வீராணம் ஏரியும் இருந்தன. தஞ்சாவூர் செழிக்க அவர்களை வாட்டுதல் நீதியாகாது. அவ்வேரிக்கும் அந்நிலங்களுக்கும் நீர் செல்லுமாறு, கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் இப்போது அணைக்கரை எனப்படும் இடத்தில் மற்றோரணையும் உடன் கட்டப்பட்டது. இரண்டும் 1836-இல் நிறைவேறின. காட்டன் செய்தவற்றுள் எமக்கு மிக உயர்ந்ததாகத் தோன்றுவது இக்கீழணையே. கேட்டவனுக்குக் கொடுப்பது எஞ்சினியர் யாவர்க்கும் இயலும். கேளாதவன் வயலையும் அதே கணக்கில் எழுதுவது சிலர்க்கே இயலும்.

இவ்விடத்து ஒன்றை மறைக்காது கூறல் வேண்டும். மேலணை எழுந்தபின் காவிரிக்கு நீர் வேண்டிய அளவினும் மிகுந்தது. முன்பு மேடிட்ட வாய் இப்போது அரிக்கப்பட்டது; வெள்ளக் காலத்தில் கரைகளுக்கு அச்சம் நேர்ந்தது. 1843-இல் மேலணையின் நடுப்பகுதியைத் தாழ்த்தினார்கள். 1845-இல் காவிரியின் வாயிலும் ஒரு தடுப்பணை இட்டார்கள். இதனைக் காட்டனுடைய குறையன்று எனச் சாதிப்பார் உளர். யாம் குறையென்றே கொள்கின்றோம். நீரின் குறைவை அளந்த அளவு மிகுதியை அவர் அளந்திலர். அவ்வேழாண்டும் கரையோரத்தில் உறங்காது காவலிருந்தவர்கள் குடிகளேயன்றி எஞ்சினியர்கள் அல்லர். எனினும் அவர் வகுத்த வழியே நிலைத்தது. பிற்காலத்தார் அம்மேலணைக்குக் கதவுகள் அமைத்தனர். 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள் இரவு அக்கதவுகளுள் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டதும், பின்னர்ப் புதிய கதவணை எழுந்ததும் வாசகர் அறிந்தனவே.

நோயுற்று ஆஸ்திரேலியா முதலிய இடங்களிற் சில ஆண்டுகள் தங்கி, 1841-இல் டாஸ்மேனியாவில் மணம் புரிந்து மீண்ட காட்டன், கோதாவரிக் கரைக்கு அனுப்பப்பட்டார். அங்கே 1832-33-இன் பஞ்சத்தாலும் புயல்களாலும் ஊர்கள் பாழடைந்து கிடந்தன. தவளேசுவரத்தில் அணையிட்டால் அந்நாடு பிழைக்கும் என எழுதினார். கும்பினியார் செவியில் பசியென்னும் சொல் ஏறாது. வரும்படியென்னுஞ் சொல்லே ஏறும். ஆகவே இத்தனை செலவுக்கு இத்தனை இலாபம் என்றே தம் அறிக்கைகளை அமைத்தார். 1847-இல் தொடங்கிய வேலை 1852-இல் முற்றுப்பெற்றது. ஆந்திர மக்கள் இன்றும் அவருக்குச் சிலைகள் வைத்துப் போற்றுகின்றனர். பழைய அணைக்கு மாற்றாகக் கட்டப்பட்ட புதிய அணையும் அவர் பெயரையே தாங்குகின்றது. இங்கே இலாபக் கணக்கு பொய்க்கவில்லை. பொய்க்காமையே அவருக்குத் தீங்காயிற்று என்போம்.

ஏனெனில், 1861-இல் ஸர் பட்டம் பெற்று, புகழால் மூத்த அந்நாளில், எந்த ஆற்றிலும் அதே இலாபம் வரும் என நம்பினார். சென்னை நீர்ப்பாசனக் கும்பினி என ஒன்று இலண்டனிற் கூடித் துங்கபத்திரையினின்று கர்நூல், கடப்பை வரை கால்வாய் வெட்ட முற்பட்டது. அதற்கு மூலகாரணர் காட்டனே. பத்து லட்சம் பவுன் முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வட்டியைத் துரைத்தனத்தார் உறுதிசெய்தனர். அவ்வுறுதியின் பொருள், நஷ்டம் வந்தால் இந்நாட்டுக் குடிகளின் வரிப்பணத்தினின்று இலண்டன் பங்குதாரருக்கு வட்டி போகும் என்பதே. செலவு மதிப்பை மீறியது, வருமானம் வந்திலது. கரிசல் நிலத்துக் குடிகள் நல்ல மழையாண்டில் சோளமும் பருத்தியும் நீரின்றியே விளைப்பவர். நீர்வரி கொடுத்து நஞ்சை செய்ய அவர்கள் விரும்பவில்லை. தஞ்சாவூரில் குடிகள் காட்டனுக்கு முன்னரே நீருக்காகக் கொறம்பு கட்டிக் காத்திருந்தனர். கர்நூலில் அங்ஙனம் காத்திருந்தோர் உளரா என்று அவர் நன்கு உசாவியதாகத் தோன்றவில்லை. இளமையில் பழங்கல்லைக் குனிந்து ஆராய்ந்தவர், முதுமையில் உழவனைக் கேளாது விட்டார். 1882-இல் அக்கால்வாயைத் துரைத்தனத்தாரே விலைக்கு வாங்க நேர்ந்தது.

இதற்கிடையே 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டை அழித்தது. அப்பொழுது அக்கால்வாய் நீரைக் குடிகள் நாடினர் என்பதையும் சொல்லவேண்டும். கால்வாய்களுக்குச் செலவிடாமல் இருப்புப்பாதைகளுக்கே பொருளை இறைத்ததால் இத்தனை உயிர் மாண்டதென்று காட்டன் பத்திரிகைகளிலும் கூட்டங்களிலும் முழங்கினார். 1878-இல் பார்லிமெண்டுக் குழுவின் முன் எழுபத்தைந்து வயதில் நின்று சாட்சி கூறினார். குழுவினர் கர்நூல் நஷ்டத்தையே எடுத்துக் காட்டி அவர் வாதத்தைத் தள்ளினர். அவர் கூறியதில் உண்மை பெரிது. ஆயினும் தாமே முன்பு மிகுத்துக் காட்டிய இலாபம் அவ்வுண்மையின் வாயை அடைத்தது. யாம் அக்குழுவினரைப் புகழ வரவில்லை. பஞ்சத்தில் மாண்டவர்க்கு அவர்கள் விடை கூறினாரில்லை.

பின்னர் அவர் டார்க்கிங் என்னும் ஊரில் வசித்து, நிலத்தை ஆழ உழுது கோதுமை பயிரிடுஞ் சோதனைகளில் ஈடுபட்டார். 1899-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 24-ஆம் நாள், தமது தொண்ணூற்றாறாம் வயதில் அங்கேயே காலமானார். அவர் புதல்வியார் மறுவருஷம் அவர் சரித்திரத்தை எழுதி வெளியிட்டார். கர்நூல் கடப்பைக் கால்வாய், பின்வந்தோர் திருத்தி அகலப்படுத்த, இன்று இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்கு உரியதாய் ஓடுகின்றது.