மலையகத்தின் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை

எழுத விழையும் மாணவர் எம்மிடம் முதற்கண் வினவுவது, எப்பொருளைப் பற்றி எழுதுவது என்பதேயாகும். யாருக்காக எழுதுவது என்று வினவுவோர் மிகச் சிலர். இவ்விரண்டாம் வினாவோடு தம் வாழ்நாள் முழுவதும் போராடிய ஒருவரின் வரலாற்றை இம்மலரில் வரைய விரும்பினோம். அவர் எமது கல்லூரியிற் பயின்றவர் அல்லர். எனினும் தேயிலை மலைகளிலிருந்து இங்கு வந்து விடுதியில் தங்கிக் கற்ற நம் தோழர் பலருடைய வீட்டுக் கதையை முதன்முதல் உலகறியச் சொன்னவர் அவரே.

சி. வி. வேலுப்பிள்ளை 1914 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் வட்டகொடையை அடுத்த மடக்கும்பரைத் தோட்டத்திற் பிறந்தார். அவர் குடும்பம் பெரியகங்காணிக் குடும்பம். பெரியகங்காணி என்பவர் யாரென இக்கால இளைஞர் அறியாதிருக்கலாம். தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி, முன்பணம் கொடுத்து, கடனாளிகளாகவே தோட்டத்திற் கொண்டு சேர்த்தவர் அவர். ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குத் தொழிலாளியின் கடனையும் உடன் அனுப்பிய துண்டு முறை 1921 இல் சட்டத்தால் நீக்கப்பட்டது. ஆயினும் கங்காணியின் செல்வாக்கு அதனுடன் ஒழிந்துவிடவில்லை. துரைக்கு ஒரு படி கீழும் லயத்து மக்களுக்குப் பல படி மேலுமாக நின்ற அவ்வீட்டில் வளர்ந்த பிள்ளை, பின்னாளில் லயத்தின் பக்கம் நின்று எழுதியமையே அவர் வரலாற்றில் நாம் முதலிற் கருதற்குரியது.

ஹட்டன் மெதடிஸ்த கல்லூரியிலும் கொழும்பு நாலந்தாவிலும் கல்வி கற்று ஆங்கிலத்தில் தேர்ச்சி பெற்றார். 1934 இல் மகாகவி தாகூர் இலங்கைக்கு வந்தபோது, தாம் ஆங்கிலத்தில் இயற்றிய கவிதை நாடகத்தை அவர் கையிற் சேர்ப்பித்தார். அப்போது அவருக்கு வயது இருபதும் நிரம்பவில்லை. பின்னர் ஆசிரியத் தொழில் புரிந்தார். அதன்பின் இலங்கை இந்தியன் காங்கிரசின் தொழிற்சங்கப் பணியில் இறங்கினார்.

1947 இல் நடைபெற்ற பொதுத் தேர்தலில் அக்காங்கிரசின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகச் சென்றவர் சி. வி. ஆனால் அடுத்த ஆண்டிலேயே 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் பிறந்தது. 1949 இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டது. அவரைத் தெரிவுசெய்த மக்களிற் பெரும்பாலானோர் குடியுரிமையும் வாக்கும் இழந்தனர். தம் வாக்காளரே இல்லாதொழிந்த உறுப்பினராக அவர் சபையில் அமர்ந்திருந்தார். சபையிற் பேசியும் பயனில்லை என்றான பின்னர் அவருக்கு எஞ்சியிருந்தது எழுதுகோல் ஒன்றே என்று கூறின் அது மிகையாகாது.

1952 இல், காங்கிரஸ் தொழிலாளர் வாக்குரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடாத்திய அதே ஆண்டில், 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்னும் நெடுங்கவிதை வெளியாயிற்று. வைகறையில் ஒலிக்கும் தப்பு, பிரட்டுக்களம், கொழுந்துக் கூடை, தேயிலைச் செடியின் அடியிற் புதையுண்ட முன்னோர் ஆகிய எல்லாம் அங்கே ஆங்கிலத்திற் பாடப்பெற்றன. தேயிலையைப் பருகுவோரும் தேயிலையை ஆள்வோரும் வாசிக்கும் மொழி அதுவாதலின் அவர் அதனைத் தெரிந்தெடுத்தார் போலும். எனினும் கவிதையின் நாயகர்கள் அதன் ஓரடியையேனும் வாசிக்க இயலாதவர்கள். இக்குறை சக்தீ பாலையாவின் மொழிபெயர்ப்பாகிய 'தேயிலைத் தோட்டத்திலே' வாயிலாகவே பின்னர் நீங்கிற்று. தோட்டத்து மாந்தரைத் தனித்தனியே சித்திரிக்கும் 'போர்ன் டு லேபர்' (1970) என்னும் நூலும் ஆங்கிலத்திலேயே வந்தது.

அவர் படிப்படியாகத் தமிழை நோக்கி நடந்தார். அவருக்கு வழிகாட்டியது நூலகம் அன்று, லயத்து வாசல். தாலாட்டையும் ஒப்பாரியையும் கும்மியையும் கங்காணியை எள்ளும் பாட்டையும் கேட்டு எழுதித் தொகுத்தார். காப்பிக் காலத்தில் மன்னார் வழியே காடு கடந்து வந்தவர்களின் நினைவு அச்சேறிய எந்த ஏட்டிலும் இல்லாத அளவுக்கு அப்பாடல்களில் இருந்தது. பாடியவர்கள் முதியவர்கள்; அவர்களோடு பாட்டும் மறைந்துவிடும். அவ்வாறு சேர்த்தவை 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற பெயரில் 1983 இல் நூலாயின.

நாவல்களுள் 'வீடற்றவன்' தலையாயது. தோட்டத்திற் சங்கம் அமைக்க முயலும் தொழிலாளி படும் பாடே அதன் பொருள். தலைப்பின் கருத்தை வெளியூரார் எளிதில் உணரார். தோட்டத்தில் வேலையும் காம்பராவும் ஒன்றோடொன்று பிணைந்தவை. பற்றுச்சீட்டைக் கையிற் கொடுத்தால், வேலை போன அன்றே குடியிருப்பும் போய்விடும். பெற்றோர் பிறந்த அறை, பிள்ளை பிறந்த அறை, எதுவும் தன்னதன்று. இச்செய்தியை அறிக்கையாக எழுதின் நாலு வரி போதும். ஒரு மனிதன்மேல் ஏற்றிச் சொன்னமையாற்றான் அது நம் நெஞ்சைத் தைக்கின்றது. ஆயினும் நாவலாசிரியர் என்ற வகையில் அவர் குறையற்றவர் என்று நாம் கூறோம். நாளிதழ்களுக்கென எழுதிய கதைகளில் அவசரமும், எதிர்பாராத திருப்பங்களில் ஓரளவு மயக்கமும் உண்டு. சித்திரங்களும் பாடற்றொகுப்புமே அவருடைய நிலைத்த செல்வம் என்பது எம் துணிபு. அன்பர் சிலர் மாறுபடுவர், மாறுபடட்டும்.

பிற்காலத்தில் தொழிலாளர் தேசிய சங்கத்திற் பணிபுரிந்து, 'மாவலி' என்னும் இதழை நடாத்தினார். எழுத முனையும் மாணவர் அவர் செய்கையினின்றே அறிவுரை பெறலாம். பிரட்டு, கவ்வாத்து, கொழுந்து என்று மக்கள் வழங்கும் சொல்லை அவ்வாறே எழுதினால் நடை தாழ்ந்துவிடுமென அஞ்சற்க. உம் வீட்டுப் பாட்டி உயிரோடிருந்தால் இவ்விடுமுறையிலேயே அவரிடம் அமர்ந்து, பாடுவதையெல்லாம் குறித்துக்கொள்ளுக. அச்சிடுவதைப் பின்னர் யோசிக்கலாம். ஆங்கிலத்தில் எழுத வல்லவர் எழுதுக. ஆனால் எழுதியது லயத்துக்குத் திரும்பி வரும் வழியையும் உடனே தேடுக. சி. வி. அவ்வழியைக் காண ஏறக்குறைய ஓர் ஆயுட்காலம் சென்றது.

1964 இல் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974 இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். அவர் பாடல் கேட்ட லயங்கள் பல வெறுமையாயின. புகையிரதத்தில் ஏறியவர்களோடு பாடல்களும் சென்றன. 1983 இல் வன்செயல் மலைநாட்டையும் சூழ்ந்தது. இனப்பகையிடைப்பட்ட மலையகத் தமிழனின் அல்லலைக் கூறும் 'இனிப் படமாட்டேன்' 1984 இல் நூலாக வந்தது. அவ்வாண்டு நவம்பர் மாதமே அவர் மறைந்தார்.

நாடற்றோராக எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கிய சட்டம் 2003 இல் நிறைவேறிற்று. தம் பெயரிற் காணியும் வீடும் வேண்டுமென்று லயத்து மக்கள் இன்றும் கேட்டு நிற்கின்றனர்.