பிரதமரைச் சுட்டுக்கொன்ற புத்த பிக்கு: பழி மதத்தின் மீதா? பண்டாரநாயக்கவின் கதை

1959 செப்டம்பர் 25, காலை நேரம். கொழும்பு ரோஸ்மீட் பிளேஸில் உள்ள இலங்கைப் பிரதமரின் வீட்டு வராந்தாவில் மக்கள் காத்திருக்கிறார்கள். அவர்களில் காவி உடை அணிந்த ஒரு பிக்குவும் இருக்கிறார். பிரதமர் அவரைக் கும்பிட்டு வணங்கியபோது, பிக்கு துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். மறுநாள் பிரதமர் இறந்துபோனார்.

கொல்லப்பட்டவர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க. சுட்டவர் தல்துவே சோமராம தேரர், கண் நோய்க்கு ஆயுர்வேத முறையில் வைத்தியம் பார்த்தவர். உயிர்க்கொலை கூடாது என்பதை முதல் ஒழுக்கமாக வைத்திருக்கும் மதத்தின் துறவி கொலை செய்தால், அதற்கு அந்த மதம் பொறுப்பா? இன்றும் ஒவ்வொரு தாக்குதலுக்குப் பிறகும் ஏதோ ஒரு மதத்தைப் பற்றி இதே கேள்வி எழுகிறது, இல்லையா?

யார் இந்த பண்டாரநாயக்க?

1899-ல் பிறந்தவர். ஆங்கிலேய ஆட்சிக்கு நெருக்கமான, செல்வாக்கான கிறிஸ்தவக் குடும்பம். பெயரில் வரும் வெஸ்ட் ரிட்ஜ்வே என்பதே அன்றைய ஆங்கிலேய ஆளுநரின் பெயர்தான். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார். 1926-ல் இலங்கைக்கு கூட்டாட்சிதான் சரி என்று வாதிட்டார்.

அரசியலுக்கு வந்தபின் பௌத்தராக மாறினார். 1951-ல் ஐக்கிய தேசியக் கட்சியை விட்டு வெளியேறி, ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார்.

பிக்குகள் அரசியலுக்குள் வந்தது எப்படி?

1956 தேர்தல்தான் திருப்புமுனை. சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று பண்டாரநாயக்க வாக்குறுதி கொடுத்தார். எக்சத் பிக்கு பெரமுன என்ற அமைப்பின் கீழ் பிக்குகள் கிராமம் கிராமமாகப் போய் அவருக்கு வாக்கு கேட்டார்கள். அதை முன்னின்று நடத்தியவர்களில் முக்கியமானவர் களனி ரஜ மகா விகாரையின் தலைமைப் பிக்கு மாபிட்டிகம புத்தரக்கித தேரர். 95 இடங்களில் 51-ஐ அந்தக் கூட்டணி வென்றது.

ஜூன் மாதமே தனிச்சிங்களச் சட்டம் வந்தது. அதை எதிர்த்து காலிமுகத் திடலில் தமிழர்கள் நடத்திய சத்தியாகிரகம் தாக்கப்பட்டது.

கிழிந்துபோன ஒப்பந்தம்

1957 ஜூலையில் பண்டாரநாயக்க ஒரு படி இறங்கி வந்தார். தமிழர் தலைவர் தந்தை செல்வாவுடன் ஒப்பந்தம் போட்டார். வடக்கு, கிழக்கில் தமிழில் நிர்வாகம், பிரதேச சபைகள் என்று வழி காட்டிய ஒப்பந்தம் அது.

எதிர்க்கட்சி எதிர்த்தது. பிக்குகளும் எதிர்த்தார்கள். 1958 ஏப்ரல் 9-ம் தேதி பிக்குகள் பிரதமரின் வீட்டு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். ஒப்பந்தத்தை ரத்து செய்வதாக எழுத்திலேயே வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். அடுத்த மாதமே நாட்டில் இனக்கலவரம் வெடித்தது. பெரும்பாலும் தமிழர்களே பலியானார்கள்.

அப்போ, கொலைக்குக் காரணம் மதமா?

நீதிமன்றத்தில் வெளிவந்த கதை வேறு மாதிரி. புத்தரக்கித தேரர்தான் சதியின் மூளை என்று முடிவானது. அரசிடம் அவர் எதிர்பார்த்த வணிகச் சலுகைகள் கிடைக்காத கோபம்தான் பின்னணி என்றது அரசுத் தரப்பு. அரசியல் பகையும் சேர்ந்திருந்தது. புத்தரின் போதனை எதுவும் இந்தக் கொலையைக் கேட்கவில்லை.

சோமராம 1962-ல் தூக்கிலிடப்பட்டார். புத்தரக்கிதவுக்கு விதித்த மரண தண்டனை மேல்முறையீட்டில் ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. அவர் சிறையிலேயே இறந்தார்.

இன்னொரு விஷயமும் உண்டு. தூக்கு மேடைக்குப் போகும் முன் சோமராம கிறிஸ்தவராக ஞானஸ்நானம் பெற்றார். அதை வைத்து கிறிஸ்தவத்தை யாரும் கொலைகாரனின் மதம் என்று சொல்லவில்லை. அப்படியென்றால் அவர் காவி உடுத்தியிருந்ததை மட்டும் வைத்து பௌத்தத்தை எப்படிக் குற்றம் சொல்வது? சுடப்பட்டவரும் பௌத்தர்தானே? அழுதுகொண்டே அஞ்சலி செலுத்த வந்தவர்களில் பெரும்பாலானவர்களும் பௌத்தர்கள்தான். அடுத்த ஆண்டு அவர்களே வாக்களித்து, அவருடைய மனைவி ஸ்ரீமாவோவை உலகின் முதல் பெண் பிரதமராக்கினார்கள்.

அப்படியானால் யாருக்குமே பொறுப்பு இல்லையா?

இருக்கு. ஆனால் அது எல்லார் தலையிலும் சமமாக விழாது.

முதல் பொறுப்பு சுட்டவருக்கும் சதி செய்தவர்களுக்கும். அதை நீதிமன்றம் தீர்த்துவிட்டது.

அடுத்தது மத அமைப்புகளுக்கு. ஒரு விகாரையின் தலைவர் அரசியல் பேரமும் வணிகமும் நடத்தியபோது தட்டிக்கேட்டுத் தடுத்து நிறுத்த ஆளில்லாமல் போனது. காவி உடைக்குக் கிடைத்த மரியாதைதான் பிரதமர் வீட்டு வாசலையும் திறந்துவிட்டது.

மூன்றாவது, மதத்தை வாக்காக மாற்றும் அரசியல்வாதிகளுக்கு. இங்கே பண்டாரநாயக்கவும் தப்ப முடியாது. பிக்குகளின் செல்வாக்கைப் பயன்படுத்தி அவர் ஆட்சிக்கு வந்தார். அதே செல்வாக்கு அவருடைய ஒப்பந்தத்தைக் கிழித்தபோது எதிர்த்து நிற்க அவரால் முடியவில்லை. அதற்கான விலையை அவருக்கு முன்பே கொடுத்தவர்கள் 1958-ல் வீடிழந்த, உயிரிழந்த தமிழர்கள்.

விகாரைக்குப் போய் பூ வைத்து வணங்கிவிட்டு வரும் சாதாரண பௌத்தருக்கு அந்தத் துப்பாக்கியில் பங்கு இல்லை. தன் மதத்தின் பெயரால் வன்முறை நடக்கும்போது அது தவறு என்று சொல்ல வேண்டிய கடமை மட்டும் அவருக்கும் உண்டு.

மருத்துவமனையில் இருந்து மக்களுக்கு விடுத்த செய்தியில் பண்டாரநாயக்க, தன்னைச் சுட்டவர் பிக்கு உடை போட்ட ஒரு முட்டாள் மனிதர் என்ற பொருளில் சொன்னார். அவர் மீது இரக்கம் காட்டும்படியும் கேட்டுக்கொண்டார். உடை வேறு, அதைப் போட்ட ஆள் வேறு என்று அவர் பிரித்துப் பார்த்தார். மதத்தை அரசியலில் இருந்தும் அப்படிப் பிரித்துப் பார்த்திருந்தால், 1958-ஐ இலங்கை வேறு விதமாகக் கடந்திருக்கலாம்.