பிரித்துப் பார்த்த ஜி.டி.நாயுடு

கோவை அருகே கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி.டி.நாயுடு, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிள் மேல் ஆசைப்பட்டு, ஓட்டலில் சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, மறுபடி பூட்டினார். அதுதான் அவர் படித்த படிப்பு! 1920-ல் பொள்ளாச்சி - பழனி பாதையில் ஒரே ஒரு பஸ் விட்டு, தானே ஓட்டினார். அது பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. 1945-ல் கோவையில் பாலிடெக்னிக் வரவும் காரணமானார். 1974-ல் மறைந்தார்.

இதை நான் எழுதக் காரணம் உண்டு. நம்ம கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகாம ‘டிக் டிக்’னு சத்தம் போட்டா, உடனே செல்ஃப் மோட்டாரை மாத்தச் சொல்றவங்க இருக்காங்க. காசு போவது லோடு வண்டிக்காரருக்கு! ஹெட்லைட்டைப் போட்டுச் சாவியைத் திருப்புங்க. வெளிச்சம் மங்கினா பெரும்பாலும் பேட்டரி சார்ஜ் இறங்கியிருக்கும், இல்லேன்னா டெர்மினலில் உப்புப் பூத்திருக்கும். மங்காம ஒரே ஒரு ‘டிக்’ வந்தா, சோலினாய்டு காண்டாக்ட்டையும் கார்பன் பிரஷ்ஷையும் பாருங்க. காரணம் தேடாமல் பார்ட் மாற்ற டிப்ளமோ எதற்கு? நாயுடுவைப் போல நாமும் பிரித்துப் பார்ப்போம்!