பதவியை விட்ட பிறகு தொடங்கிய வேலை



டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்ற பெயர் நம்மில் பலருக்குத் தெரியும். மகப்பேறு நிதியுதவித் திட்டமே அந்தப் பெயரில்தானே இருக்கு. அந்த அம்மாவைப் பற்றி இந்த மலரில் கொஞ்சம் சொல்ல ஆசைப்படுறேன்.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆம்பளைப் பிள்ளைகள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்து படித்தார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கி டாக்டரானார். பிறகு சென்னை சட்டசபையின் முதல் பெண் உறுப்பினர், சபையின் துணைத் தலைவர். சின்னப் பெண்களுக்குக் கோயிலில் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க அங்கே போராடினார். 1947-ல் அதற்குச் சட்டமே வந்தது.

இவ்வளவு உயரத்தில் இருந்தவர், 1930-ல் காந்தியடிகளைக் கைது செய்ததைக் கண்டித்துப் பதவியை விட்டுவிட்டார். அப்போ அவருக்கு 44 வயசுகூட முடியலை.

ஆனா அதற்குப் பிறகு செய்த வேலைதான் என் மனசில் நிக்குது. பொட்டுக் கட்டும் வாழ்க்கை வேண்டாம்னு வந்த பெண் பிள்ளைகளுக்கு அடைக்கலம் கொடுத்தார். அப்படித் தொடங்கியதுதான் அவ்வை இல்லம். சாப்பாடு, படிப்பு, கைத்தொழில் என்று ஆதரவற்ற பெண்களுக்கு அது தாய்வீடாச்சு.

அவருடைய தங்கை புற்றுநோயில் இறந்தவர். அந்தத் துக்கத்தை அவர் மறக்கவே இல்லை. இந்திய மாதர் சங்கப் பெண்களோடு சேர்ந்து நிதி திரட்டி, 1954-ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அப்போ அவருக்கு 67 வயசு. ஆஸ்பத்திரியில் இருந்தது 12 படுக்கை. 1968-ல் அவர் மறைந்தார். அந்த ஆஸ்பத்திரி இன்னைக்கும் ஊர் ஊராக வரும் நோயாளிகளைப் பார்த்துக்கிட்டு இருக்கு.

நான் கூட்டமைப்புத் தலைவியாக இருந்து, இந்த வருஷம் பொறுப்பை இன்னொரு சகோதரியிடம் ஒப்படைச்சேன். கையெழுத்துப் போட பேங்க்குக்குப் போறதில்லை; காலையில் போன் அடிக்கிறதும் குறைஞ்சு போச்சு. இனிமே நம்மளை யார் தேடப் போறாங்கன்னு மனசு வெறிச்சோடிக் கிடந்தது. அந்த நேரத்தில்தான் இந்த அம்மாவின் வாழ்க்கை எனக்குத் தைரியம் கொடுத்தது. சபையில் அவர் உட்கார்ந்தது சில வருஷம்தான். அவர் ஏற்படுத்திய வீடும் ஆஸ்பத்திரியும் எத்தனை குடும்பத்தைத் தாங்கியிருக்கு!

இப்போ வாரம் ஒருநாள் எங்க தெருப் பெண்கள் நாலு பேரைக் கூட்டிக்கிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போறேன். மார்பகத்துக்கும் கர்ப்பப்பை வாய்க்கும் புற்றுநோய்ப் பரிசோதனை அங்கே இலவசமாகவே செய்றாங்க. கூச்சப்பட்டு வராதவங்க, பக்கத்தில் ஒருத்தி கூட இருந்தா வந்துடுறாங்க. இதுக்கு நாற்காலியும் வேண்டாம், தீர்மானமும் வேண்டாம். பொறுப்பு முடிஞ்ச சகோதரிகளே, உங்க தெருவிலும் நாலு பேர் இருப்பாங்க. கூட்டிக்கிட்டுப் போங்க.

இப்படிக்கு,
உங்கள் சகோதரி,
கூட்டமைப்பின் முன்னாள் தலைவி