சங்கபோதியின் 2 ஆண்டுகள்

திண்டுக்கல்லிலிருந்து பழநி செல்லும் சாலையில் மேற்கே மலைத்தொடர் தெரியும்போதெல்லாம் எனக்குக் குமணன் நினைவு வரும். அவனது முதிரமலை உடுமலைப் பக்கம் இருந்தது என்பர். தம்பி தன் தலைக்கு விலை வைத்திருப்பது தெரிந்தும், வறுமையோடு வந்த பெருந்தலைச் சாத்தனாரிடம் வாளை நீட்டியவன் அவன். புலவர் அவன் தலையைக் கொய்யவில்லை. இதற்கு இணையான கதை ஒன்று ஈழத்தில் உண்டு; அங்கே தலை மெய்யாகவே வீழ்ந்தது.

கி.பி. 3-ஆம் நூற்றாண்டின் நடுவில் அநுராதபுரத்தை ஆண்ட சிறிசங்கபோதியின் கதை அது. சங்கதிஸ்ஸன், சங்கபோதி, கோதாபயன் என்ற இலம்பகர்ணக் குல நண்பர் மூவரும் அடுத்தடுத்து அரியணை ஏறினர். இடையில் வந்தவனுக்குக் கிடைத்தவை 2 ஆண்டுகள் மட்டுமே.

மழை பொய்த்தபோது, நீர் தன்னை மிதக்கவிடும்வரை எழுவதில்லை என்று மகாதூபியின் முற்றத்தில் அவன் படுத்துக்கொண்டான் என்கிறது மகாவம்சம். மழை பெய்தது, நீர் வடிந்துவிடாதபடி ஏவலர்கள் வடிகால்களை அடைத்தனராம். வானம் பார்த்த எங்கள் சமவெளிக்காரர்களுக்கு அந்த ஏவலர்களைப் பிடிக்காமல் போகாது.

ஆயினும் என்னை விடாது தொடர்வது வேறொரு செய்தி. பிடிபட்ட கலகக்காரர்களை அவன் இரகசியமாக விடுவித்தான். அவர்களுக்குப் பதிலாக, ஏற்கெனவே இறந்தவர்களின் உடல்களைத் தருவித்து எரிக்கச் செய்து, தண்டனை நிறைவேறியதாக நாட்டை நம்பவைத்தான். ஐந்து சீலங்களையும் வாழ்நாள் முழுதும் காப்பதாக ஏற்றவன் அவன். கொல்லாமை அவற்றுள் ஒன்று, பொய்யாமையும் ஒன்று. ஒன்றைக் காக்க மற்றொன்றைக் கைவிட்டான். அந்தப் பொய்யை நான் குறை கூறமாட்டேன். ஆனால், அரசனே தன் கருணையை ஊரறியச் சொல்ல இயலாத நிலை அது. மறைத்துக் காட்டிய கருணைக்கு மக்கள் துணை எப்படி வரும்?

கருவூலப் பொறுப்பிலிருந்த கோதாபயன் படையோடு வந்தான். தன் பொருட்டு எவரும் மடியலாகாது என்று எண்ணிய மன்னன், போரிடாமல் நீர் வடிகட்டி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு தனியே வெளியேறினான். குடிக்கும் நீரில் சிற்றுயிரும் சாகாதிருக்கப் பயன்படும் துணி அது. முடியைத் துறந்தவன் அதைத் துறக்கவில்லை. வழியில் தன் உணவைப் பகிர்ந்த ஏழை ஒருவனுக்கு, பரிசு பெறட்டும் என்று தன் தலையையே அளித்தான். அந்த இடம் அத்தனகல்லை என்று வழங்குகிறது.

கோதாபயன் 13 ஆண்டுகள் ஆண்டான். பின்வந்த சிங்கள மன்னர்கள் பலரோ, பல நூற்றாண்டுகள் வரை, சிறிசங்கபோ என்பதையே தங்கள் பட்டப்பெயராகச் சூடிக்கொண்டனர்.