இருபது வயதில் எழும்பவில்லை, ஐம்பதில் எழும்பியது

நூரி ஹெலிகாப்டரை அறியாத மலேசியர் குறைவு. வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்க, காட்டில் காணாமற்போனவர்களைத் தேட, சபா சரவாக் உட்பகுதிகளுக்குப் பொருள்களைக் கொண்டு சேர்க்க, 1968 தொடங்கி அரை நூற்றாண்டு காலம் அரச மலேசிய ஆகாயப்படை அதைத்தான் நம்பியிருந்தது. அதன் விபத்துச் செய்திகளும் நமக்குப் புதியவை அல்ல. ஆனால் நூரி என்பது நாம் வைத்த செல்லப் பெயர். ஆலையில் அதன் பெயர் சிக்கோர்ஸ்கி எஸ்-61.

இயந்திரப் பொறியியல் படிக்கும் நான், முதலாம் ஆண்டு வரையில் சிக்கோர்ஸ்கி என்பதை ஒரு நிறுவனத்தின் பெயராக மட்டுமே நினைத்திருந்தேன். அது ஒரு மனிதரின் பெயர். அவர் முதல் ஹெலிகாப்டரைக் கட்டியபோது அவருக்கு வயது இருபது, அதாவது இன்று என் வயது. அந்த ஹெலிகாப்டர் தரையைவிட்டு எழும்பவே இல்லை.

இகோர் சிக்கோர்ஸ்கி 1889 மே 25ஆம் தேதி கீவ் நகரில் பிறந்தார். அன்று அது ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த ஊர். ஐந்து பிள்ளைகளில் அவர் கடைக்குட்டி. தந்தை மனநலத் துறைப் பேராசிரியர். தாயார் மருத்துவம் படித்தவர், ஆனால் அத்தொழில் செய்யவில்லை. வீட்டிலேயே மகனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். லியோனார்டோ டா வின்சி வரைந்த பறக்கும் பொறிகளைப் பற்றியும் ஜூல்ஸ் வெர்னின் கதைகளைப் பற்றியும் சிறுவன் கேட்டது அம்மாவிடம்தான். பன்னிரண்டு வயதில் ரப்பர் பட்டையை முறுக்கி, மேலே எழும்பும் ஒரு சின்ன ஹெலிகாப்டர் பொம்மையைச் செய்துவிட்டான். ரைட் சகோதரர்கள் விமானம் ஓட்டுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முந்திய கதை இது.

1903இல் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் கடற்படைப் பள்ளியில் சேர்ந்தார். மூன்று ஆண்டுகளில் அது தமக்கு ஒத்துவராது என்று விலகி, பாரிசில் சிறிது காலம் படித்து, 1907இல் கீவ் தொழில்நுட்பக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு தந்தையுடன் ஜெர்மனிக்குச் சென்றிருந்தபோது ரைட் சகோதரர்களின் பறத்தல் பற்றிய செய்தி கண்ணில் பட்டது. அதன் பிறகு அவருக்கு வேறு நினைப்பே இல்லை.

1909இல் அக்காள் ஓல்கா கொடுத்த பணத்துடன் மீண்டும் பாரிஸ் சென்று 25 குதிரைச்சக்தி அன்சானி எஞ்சின் ஒன்றை வாங்கி வந்தார். கீவில் அதைக் கொண்டு கட்டிய முதல் ஹெலிகாப்டர் குலுங்கியது, நடுங்கியது, எழும்பவில்லை. 1910இல் கட்டிய இரண்டாவது ஓரளவு தேவலை. தன் எடையைத் தானே தூக்கியது. அதில் ஆள் ஏறினால் முடிந்தது கதை.

இந்த இடத்தில் அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மூன்றாவது ஒன்றைக் கட்டவில்லை. எஞ்சின்கள் தரும் சக்திக்கு அவற்றின் எடை அதிகம், சுழலும் விசிறியைப் பற்றிய அறிவு போதாது, காலம் இன்னும் கனியவில்லை என்று கணக்குப் போட்டுப் பார்த்து, பொறியைப் பிரித்துப் போட்டுவிட்டார். சாதாரண விமானம் முன்னோக்கி ஓடும்போது இறக்கைமேல் பாயும் காற்றே அதைத் தூக்கிவிடும். எஞ்சின் அதை முன்னே தள்ளினால் போதும். நின்ற இடத்தில் எழும்பும் ஹெலிகாப்டருக்கோ அந்தச் சலுகை கிடையாது. முழு எடையையும் எஞ்சின் சக்தியே சுமக்க வேண்டும். 25 குதிரைச்சக்தியில் அது நடக்காது. எண்களைப் பார்த்து ஆசையைத் தள்ளிப் போடுவது எவ்வளவு கடினம் என்பது, ஒரு செயல்திட்டத்தைக் கட்டிக்கொண்டு அழுத எந்தப் பொறியியல் மாணவருக்கும் தெரியும்.

அடுத்து அவர் இறக்கை விமானங்களுக்குத் திரும்பினார். 1910 ஜூனில் அவருடைய எஸ்-2 பறந்தது. எஸ்-5 விமானத்தில் பறந்தபோது எஞ்சின் திடீரென நின்று கீழே விழுந்தார். பார்த்தால், எரிபொருளில் விழுந்த ஒரு கொசு கார்புரேட்டரை அடைத்திருந்தது. ஒரு கொசு ஆளைக் கொல்லுமென்றால் ஒரே எஞ்சினை நம்பிப் பறப்பது சரியா என்று யோசித்தார். 1913 மே மாதம் அவருடைய நான்கு எஞ்சின் விமானம் பறந்தது. உலகில் அப்படி ஒன்று அதுவே முதல். அதன் தொடர்ச்சியாக வந்த இலியா முரோமெட்ஸ், முதலாம் உலகப் போரில் குண்டு வீசும் விமானமாகியது. எழுபதுக்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. சிக்கோர்ஸ்கியை உயிர் காக்கும் பொறியைத் தந்தவர் என்றே பலரும் எழுதுகிறார்கள். உண்மைதான். அவர் முதலில் பெயர் வாங்கியது குண்டுவீச்சு விமானத்தால் என்பதும் உண்மை.

ரஷ்யப் புரட்சி எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. 1918 தொடக்கத்தில் நாட்டைவிட்டு வெளியேறி பிரான்ஸ் சென்றார். அங்கு கிடைத்த வேலையும் போர் முடிந்ததும் போயிற்று. 1919 மார்ச் 30ஆம் தேதி நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியபோது அவருக்கு வயது 29. பேரரசின் புகழ்பெற்ற விமானப் பொறியாளர், அங்கே புலம்பெயர்ந்த ரஷ்யர்களுக்குக் கணக்குப் பாடம் நடத்திப் பிழைத்தார். 1923இல் லாங் தீவில் ஒரு கோழிப் பண்ணையில் தொடங்கியதுதான் அவருடைய விமான நிறுவனம். கையில் காசில்லாத அந்தக் காலத்தில் 5,000 டாலருக்குப் பங்கு வாங்கிக் கைகொடுத்தவர் இசைமேதை செர்கேய் ரக்மானினோவ். இவரும் ரஷ்யாவைவிட்டு வந்தவரே. நிறுவனத்தின் துணைத் தலைவராகத் தம் பெயரைப் போட்டுக்கொள்ளவும் சம்மதித்தார்.

பிறகு நீரிலும் நிலத்திலும் இறங்கும் விமானங்கள், கடல் தாண்டிய பான் அமெரிக்கன் பறக்கும் படகுகள் என்று பெரிய ஆளாகிவிட்டார். இடையில் 1926இல் அவர் கட்டிய மூன்று எஞ்சின் விமானம் ஒன்று அட்லாண்டிக்கைக் கடக்கப் புறப்படும்போதே ஓடுபாதையில் நொறுங்கி இருவர் இறந்தனர். 1928இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். 1938 வாக்கில் பெரிய பறக்கும் படகுகளுக்கு வாங்குவோர் குறைந்தபோது, தாய் நிறுவனமான யுனைடெட் ஏர்கிராப்டிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: ஹெலிகாப்டர் ஆராய்ச்சிக்கு அனுமதி. கிடைத்தது.

1939 செப்டம்பர் 14. கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்டிராட்ஃபர்ட் ஊரில், வி.எஸ்.-300 என்ற திறந்த குழாய்ச் சட்டத்தில் அவரே ஏறி உட்கார்ந்தார். தலையில் வழக்கமான தொப்பி. பொறி கயிறுகளால் தரையோடு கட்டப்பட்டிருந்தது. சில அங்குலம் எழும்பி, சில விநாடி நின்று, இறங்கியது. வயது ஐம்பது.

எல்லாம் அன்றே முடிந்துவிடவில்லை. படிவம் நான்கு இயற்பியலை நினைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் மேல்விசிறியை ஒரு பக்கம் சுழற்றினால், உடல் எதிர்ப்பக்கம் சுழலப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் வாலில் ஒரு சின்ன விசிறி. ஒரு பெரிய விசிறி, வாலில் ஒரு சிறிய விசிறி என்ற இந்த அமைப்பைத்தான் இன்றும் பெரும்பாலான ஹெலிகாப்டர்களில் பார்க்கிறோம். ஆனால் முன்னே, பின்னே, பக்கவாட்டில் போவதற்கு மேல்விசிறியின் தகடுகள் ஒவ்வொரு சுற்றிலும் தம் கோணத்தை மாற்ற வேண்டும். அந்த ஏற்பாடு தொடக்கத்தில் சரியாக வேலை செய்யவில்லை. ஆகவே அதைக் கழற்றிவிட்டு, வாலில் மேலும் இரண்டு விசிறிகளைச் சேர்த்தார்கள். அப்போது பொறி பின்னால் போயிற்று, பக்கவாட்டில் போயிற்று. முன்னால் போகச் சொன்னால்தான் முரண்டு பிடித்தது. 1941 மே 6ஆம் தேதி ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வானில் நின்று ஜெர்மனியின் சாதனையை முறியடித்தது. கூடுதல் விசிறிகளை நீக்கி, மேல்விசிறியிலேயே முழுக் கட்டுப்பாட்டையும் கொண்டுவர அந்த ஆண்டின் இறுதியாகிவிட்டது.

1942 ஜனவரி 14ஆம் தேதி எக்ஸ்.ஆர்.-4 பறந்தது. ராணுவத்துக்காகக் கட்டிய இரண்டு இருக்கைப் பொறி அது. ஓட்டியவர் லெஸ் மோரிஸ். அதே மே மாதம் ஸ்டிராட்ஃபர்டிலிருந்து ஒஹாயோவின் ரைட் ஃபீல்டு வரை, சுமார் 1,220 கிலோமீட்டரை, இடையிடையே இறங்கி ஐந்து நாளில் பறந்து சேர்ந்தது. வரவேற்க வந்திருந்தவர்களில் ஆர்வில் ரைட்டும் ஒருவர்.

இனி ஆர்-4 என்ற அந்தக் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம், ஏனென்றால் ஹெலிகாப்டர் ஓட்டும் கலைக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது அதுதான். மொத்தம் 131 மட்டுமே கட்டப்பட்டன. ஆலையில் வரிசையாகத் தயாரிக்கப்பட்ட முதல் அமெரிக்க ஹெலிகாப்டர் இதுவே. மூன்று தகடு மேல்விசிறி, 11.6 மீட்டர் விட்டம். உடலின் பெரும்பகுதி துணி போர்த்திய சட்டம். எஞ்சின் சுமார் 200 குதிரைச்சக்தி. இருவர் ஏறினால் மூச்சு வாங்கும். உச்ச வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர்தான்.

இதை ஓட்டக் கற்பது எளிதல்ல. வலக்கையில் திசையை மாற்றும் கோல். அது ஓயாமல் உதறிக்கொண்டே இருக்கும். இடக்கையில் ஏற்றி இறக்கும் நெம்புகோல். அதன் முனையிலேயே, மோட்டார்சைக்கிள் போல, முறுக்கும் கைப்பிடி. கால்களில் வால்விசிறிக்கான மிதிகள். நெம்புகோலை உயர்த்தினால் எஞ்சினுக்கு எரிபொருளைக் கூட்ட வேண்டும். கூட்டினால் உடல் சுழலப் பார்க்கும். அதை மிதியால் தடுக்க வேண்டும். தடுத்தால் பொறி ஒரு பக்கம் நகரும். ஒன்றைத் தொட்டால் மற்றதெல்லாம் மாறும். இன்று இவற்றில் பலவற்றைக் கணினி பார்த்துக்கொள்கிறது. அன்று கைகால்தான். இன்னொரு சிக்கல், தொடக்கத்தில் பாடம் சொல்ல ஆசிரியரே கிடையாது. தாமே தட்டுத் தடுமாறிக் கற்ற மோரிஸ்தான் முதல் ராணுவ விமானிகளுக்குக் கற்றுக் கொடுத்தார்.

எடையைக் குறைக்க, ஏற்றி இறக்கும் நெம்புகோல் ஒன்றை மட்டும் இரு இருக்கைக்கும் நடுவில் வைத்திருந்தார்கள். வலக்கையால் திசைக்கோலைப் பிடிக்க வேண்டிய மாணவர், நெம்புகோல் இடக்கைக்கு எட்டும்படி வலப்பக்கம் உட்கார்ந்து பழகினார். விமானத்தில் தலைமை விமானி இடப்பக்கம் உட்கார, ஹெலிகாப்டரில் வலப்பக்கம் உட்காரும் வழக்கத்துக்கு இதையே காரணமாகச் சொல்கிறார்கள். ஒரு பயிற்சிப் பொறியில் மிச்சம் பிடித்த ஒரு கம்பி, எண்பது ஆண்டுகளாக உலகத்தையே இடம் மாற்றி உட்கார வைத்திருக்கிறது!

நியூயார்க்கின் ஃபிளாய்ட் பென்னட் தளத்தில் அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஒரு பயிற்சி நிலையத்தை நடத்தியது. பிரிட்டிஷ் விமானிகளும் அங்கு வந்து கற்றார்கள். பிரிட்டனில் ஹோவர்ஃபிளை என்ற பெயரில் இதே பொறி, 1945இல் ஆண்டோவரில் அமைந்த பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தது.

பயிற்சிக்கென்று இருந்த பொறியை அவசரத்துக்கு இழுத்துச் சென்ற சம்பவங்களும் உண்டு. 1944 ஜனவரி 3ஆம் தேதி நியூயார்க் துறைமுகத்துக்கு வெளியே டர்னர் என்ற போர்க்கப்பல் வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காயமடைந்தவர்களுக்கு ரத்தப் பிளாஸ்மா தேவை. பனிப்புயலில் மற்ற விமானங்கள் எழ முடியவில்லை. ஃபிளாய்ட் பென்னட் தளத்தின் பிராங்க் எரிக்சன் ஹெலிகாப்டரில் புறப்பட்டார். மன்ஹாட்டன் முனையில் பிளாஸ்மாப் பெட்டிகளைப் பொறியின் மிதவைகளில் கட்டினார்கள். எடை கூடிவிட்டதால் துணை விமானி இறங்கிக்கொண்டார். பதினான்கு நிமிடத்தில் பெட்டிகள் மருத்துவமனைப் பக்கம் போய்ச் சேர்ந்தன.

அதே ஆண்டு ஏப்ரலில், நமக்குப் பக்கத்திலேயே, பர்மாவில் இன்னொன்று. ஜப்பானியர் வசமிருந்த பகுதியில் ஒரு சிறு விமானம் விழுந்து, அதன் விமானியும் காயமடைந்த மூன்று பிரிட்டிஷ் வீரர்களும் சிக்கிக்கொண்டனர். கார்ட்டர் ஹார்மன் என்ற இளம் அதிகாரி ஆர்-4 ஒன்றில் சென்றார். அவர் இசை படித்தவர். ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றது சிக்கோர்ஸ்கி ஆலையில். வெப்பத்திலும் புழுக்கத்திலும் காற்று அடர்த்தி குறைந்து, அந்தப் பலவீனமான எஞ்சினால் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் தூக்க முடிந்தது. நால்வருக்கு நான்கு தடவை. போர்க்களத்தில் ஹெலிகாப்டர் செய்த முதல் மீட்பு அது.

மறு ஆண்டு நவம்பரில், கனெக்டிகட் கரையோரம் புயலில் சிக்கிய எண்ணெய்ப் படகிலிருந்து இருவரைக் கயிறு இறக்கித் தூக்கினார்கள். ஓட்டியவர் சிக்கோர்ஸ்கியின் மருமகன், அக்காள் மகன், ஜிம்மி வைனர். பொறி ஆர்-5. இந்த ஆர்-5இலிருந்து வந்த எஸ்-51 ரகத்தை பிரிட்டனின் வெஸ்ட்லண்ட் நிறுவனம் உரிமம் பெற்று டிராகன்ஃபிளை என்று கட்டியது. 1950இல் அவற்றில் மூன்று சிங்கப்பூருக்கு வந்தன. மலாயா அவசரகாலத்தில், காட்டுப் பாதையில் நாள்கணக்கில் சுமந்து வர வேண்டிய காயம்பட்டவர்களை அவை மணிக்கணக்கில் கொண்டுவந்தன. அதே ஹெலிகாப்டர்கள் பிறகு படையினரைக் காட்டுக்குள் இறக்கவும் பயன்பட்டன. ஒரே பொறிக்கு இரண்டு வேலை. சிக்கோர்ஸ்கி பேசும்போதெல்லாம் முதல் வேலையையே பேசினார். ராணுவங்கள் காசோலை கொடுத்தது இரண்டுக்கும் சேர்த்து.

அவர் 1957இல் ஓய்வு பெற்றார். ஆனாலும் ஆலோசகராக அலுவலகம் வந்துகொண்டிருந்தார். 1972 அக்டோபர் 26ஆம் தேதி கனெக்டிகட் மாநிலத்தின் ஈஸ்டன் ஊரில் தம் வீட்டில் காலமானார். அப்போது நூரி நம் நாட்டுக்கு வந்து நான்கு ஆண்டு ஆகியிருந்தது. 1942இல் ஒஹாயோ வரை பறந்த அந்த எக்ஸ்.ஆர்.-4, வாஷிங்டன் அருகே ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் விமானக் கூடத்தில் இன்றும் நிற்கிறது, ஆசிரியருக்கும் மாணவருக்குமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு இருக்கைகளோடு.