சேர் சி. வி. இராமன்: ஒளியாராய்ச்சியும் பற்களின் காப்பும்

அறிஞர் ஒருவரின் பெயரை அறிதல் எளிது; அவர் ஆற்றிய பணி இன்று எங்கெங்கே நின்று பயன் தருகின்றது என்பதை அறிதல் அரிது. இராமன் என்னும் பெயரைக் கரவெட்டியில் அறியாத மாணவர் இலர். நோபெல் பரிசு பெற்ற தமிழர் என்று எல்லாருஞ் சொல்வர். அவர் கண்டது யாதென வினவினால், ஒளியைப் பற்றிய ஒன்று என்பதற்கு மேல் விடை வருவதில்லை. நாமும் நெடுங்காலம் அந்நிலையிலேயே இருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன்னர், சூத்தைப் பல்லொன்றை அடைப்பிக்கச் சென்ற எம்மை இருத்திய பல் வைத்தியர், பிசின் போன்ற ஒரு பொருளைக் குழியில் நிரப்பி, அதன்மேல் நீலவொளியைச் சில வினாடி பாய்ச்சினார். பொருள் கல்லாயிற்று. அதன் விவரத்தைக் கேட்டபோது, இத்தகைய பொருள் முற்றாக இறுகியதோ என ஆய்வுகூடத்தில் அறிவதற்கு இராமன் கண்ட முறையே கைகொடுக்கின்றது என்றும் அவர் கூறினார். பாடநூலில் உறங்கிக்கிடந்த பெயர் எம் வாய்க்குள்ளேயே வந்து நின்றது கண்டு வியந்தோம். அன்று தொடங்கிய தேடலின் பயனே இக்கட்டுரை. தமிழ் கற்பிக்கும் நாம் பௌதிகம் பேசத் துணிந்தமையைப் பௌதிகவியல் ஆசிரியர்கள் பொறுத்தருள்வாராக.

சந்திரசேகர ஐயருக்கும் பார்வதி அம்மாளுக்கும் மைந்தராக, 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலிலே வெங்கட்டராமன் பிறந்தார். தந்தையார் கணிதமும் பௌதிகமும் கற்பித்த ஆசிரியர். அவர் விசாகப்பட்டினத்துக் கல்லூரியொன்றிற் பணியேற்றமையால் மைந்தரின் இளமைக் கல்வி அங்கே நிகழ்ந்தது. பதினொராவது வயதில் மெற்றிக்குலேசன் தேறிய சிறுவர், சென்னை மாநிலக் கல்லூரியிற் சேர்ந்து, 1904இல் பி. ஏ. பட்டத்தை முதன்மையுடனும், 1907இல் எம். ஏ. பட்டத்தை உயர்சிறப்புடனும் பெற்றார். மாணவராயிருந்தபோதே, 1906இல், ஒளியைப் பற்றிய அவரது ஆராய்ச்சிக் கட்டுரை இலண்டனிலிருந்து வெளிவந்த விஞ்ஞான சஞ்சிகையொன்றில் அச்சேறியது. அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்ல அவரது உடல்நலம் இடந்தராது என வைத்தியர் தடுத்துவிட்டார். அக்காலத்தில் விஞ்ஞானங் கற்றோர்க்கு இந்தியாவில் வேலைவாய்ப்பு அரிது. ஆகவே அவர் நிதித்துறைப் பரீட்சை எழுதி வென்று, லோகசுந்தரி அம்மையாரை மணந்து, 1907இல் கல்கத்தாவில் உதவிக் கணக்காளர் நாயகமாகப் பதவியேற்றார். கைநிறைந்த வேதனமும் அரசாங்க மதிப்பும் வாய்த்தன. பிறரொருவராயின் அத்துடன் அமைந்திருப்பர். இராமனோ, ஒருநாள் திராம் வண்டியிற் செல்கையில், பௌபசார் வீதியிலே இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் என்னும் பெயர்ப்பலகையைக் கண்டார். மகேந்திரலால் சர்க்கார் என்னும் வைத்தியர் 1876இல் நிறுவிய அச்சங்கத்தின் ஆய்வுகூடம் பயில்வாரின்றிக் கிடந்தது. இளைஞர் உள்ளே சென்று இடங் கேட்டார், இடங் கிடைத்தது. அன்றுமுதல் அலுவலகத்துக்கு முன்னரும் பின்னரும் அங்கேயே அவர் பொழுது கழிந்தது. அசுதோஷ் தே என்னும் உதவியாளரே அவருக்கு உற்ற துணை. இவ்வாறு பத்தாண்டு உழைத்தபின், சேர் அசுதோஷ் முகர்ஜி அழைக்க, 1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியரானார். உத்தியோக வருமானம் மிகக் குறைந்ததை அவர் பொருட்படுத்தவில்லை.

தொடக்கத்தில் அவர் உள்ளங் கவர்ந்தது இசை. வீணை, வயலின், மிருதங்கம், தபேலா ஆகியவற்றின் அதிர்வுகளை ஆராய்ந்தார். வெறுந்தோலைத் தட்டினால் எழும் ஒலிகள் ஒன்றோடொன்று இயையா. மிருதங்கத்தின் வலந்தலை நடுவே இடப்படுங் கருஞ்சாந்தின் பாரத்தாலேயே அவை சுருதி சேருகின்றன என்பதை அவர் விளக்கினார். நம் கோயில் மண்டபங்களில் மிருதங்கங் கேட்போர் இதனை நினைவிற் கொள்க. பின்னர்க் கூறப்போகும் பெருங் கண்டுபிடிப்புக்கும் இதுவே நல்ல உவமை.

1921இல் முதன்முறையாக இங்கிலாந்து சென்று திரும்புகையில், நர்க்குண்டா என்னுங் கப்பலின் தளத்தில் நின்ற அவரை மத்தியதரைக் கடலின் நீலம் மயக்கியது. வானின் நீலமே கடலில் தெரிகின்றது என்பது றேலிப் பிரபுவின் கொள்கை. இராமன் நிக்கல் அரியம் ஒன்றைக் கண்முன் பிடித்து, நீர்ப்பரப்பிலே தெறித்து வரும் வானொளியை விலக்கிப் பார்த்தார். நீலம் மறையவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என அவர் துணிந்தார். செந்நிறத்தை நீர் உறிஞ்சிக்கொள்வதும் அந்நீலத்துக்குப் பெருங் காரணம் என்பது இன்று தெளிவாயினும், அன்று எழுந்த வினாவே அவரை ஏழாண்டு உழைக்க வைத்தது.

திரவங்களினூடே ஒளியைச் செலுத்தி, பக்கவாட்டிற் சிதறும் ஒளியை அவரும் மாணவரும் ஆராய்ந்தனர். உட்புகுந்த ஒளியின் நிறத்தினின்றும் வேறுபட்ட மங்கலான ஒளியொன்று உடன்வருதல் 1923 முதலே கண்ணிற் பட்டது. அதனைக் கழிவெனத் தள்ளாது பின்தொடர்ந்தமையே அவர் பெருமை. 1928 சனவரி முதல் கே. எஸ். கிருஷ்ணன் இரவுபகலாக உழைத்தார். அவ்வாண்டு பெப்புருவரி 28ஆம் நாள், பாதரச விளக்கொளி திரவத்திற் புகுந்து வெளிப்படும்போது, அதன் நிறமாலையிற் புதிய கோடுகள் தோன்றுதல் ஐயமறத் தெளிவாயிற்று. கருவிகளின் விலை இருநூறு ரூபா அளவே என்பர்.

அதன் உண்மையைச் சுருங்கக் கூறுவோம். ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கேயுரிய சுருதிகளில் அதிரவல்ல ஒரு மிருதங்கம். அதன்மீது படும் ஒளியிற் பெரும்பகுதி நிறம் மாறாதே சிதறும். ஏறத்தாழக் கோடிக்கு ஒரு கூறு மட்டும் தன் சக்தியிற் சிறிதை மூலக்கூற்றுக்குக் கொடுத்தோ, அதனிடமிருந்து பெற்றோ, நிறம் மாறி வெளிவரும். அம்மாற்றத்தை அளந்தால் எம்மூலக்கூறு, எவ்விணைப்பு என்று சொல்லிவிடலாம். பொருளைத் தொடவேண்டா, கரைக்கவேண்டா, உடைக்கவேண்டா. இதுவே இராமன் விளைவு.

1929இல் சேர் பட்டமும், 1930இல் பௌதிகத்துக்கான நோபெல் பரிசும் இராமனை வந்தடைந்தன. பரிசு அறிவிக்கப்படுமுன்னரே அவர் கப்பலில் இடம் பதிந்துவிட்டார் என்று சொல்லப்படுகின்றது. இங்கே ஒன்றை மறைத்தல் தகாது. முதல் அறிவிப்புக் கட்டுரையிற் கிருஷ்ணன் பெயரும் உண்டு; பரிசு இராமனுக்கே கிடைத்தது. மொஸ்கோவில் லான்ட்ஸ்பேர்க்கும் மன்டெல்ஸ்தாமும் அதே நாள்களிற் பளிங்குகளில் இவ்விளைவைக் கண்டிருந்தனர், அவர்களுக்கும் பங்கில்லை. கிருஷ்ணன் மனங்கசந்து ஒதுங்கிவிடாது தம் வழியில் உயர்ந்து, 1947இல் இந்தியத் தேசியப் பௌதிக ஆய்வுகூடத்தின் முதல் இயக்குநரானார். விஞ்ஞானத்தைத் தமிழில் எழுதியவர் அவர் என்பது எம்போன்றோர்க்குத் தனி மகிழ்ச்சி.

1933இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநர் பதவியை ஏற்ற முதல் இந்தியர் இராமன். நிருவாகப் பிணக்குகளால் 1937இல் அப்பதவியை விட்டு, 1948வரை பேராசிரியராயிருந்தார். 1934இல் இந்திய விஞ்ஞானக் கலாசாலையையும், 1948இல் தம் பெயரால் வழங்கும் ஆராய்ச்சி நிலையத்தையும் நிறுவினார். செருமனியினின்று துரத்தப்பட்ட மக்ஸ் போண் என்னும் மேதையைப் பெங்களூருக்கு வரவழைத்தவரும் அவரே. ஆனாற் பின்னாளிற் பளிங்குகளின் அதிர்வு குறித்துப் போணின் கொள்கையை மறுத்து நெடுங்காலம் வாதிட்டார். முடிவில் நிலைத்தது போணின் கொள்கையே. இராமன் தம் தவற்றை ஒப்பவில்லை. அறிஞர் உலகினின்றும் சற்றே தனிமைப்பட்டார். பெரியோர் வாழ்க்கையிற் பிழைகளை விடுத்து எழுதுதல் மாணவர்க்குச் செய்யும் நன்மையாகாது.

அக்காலத்தே அவர் கையிலெடுத்த பொருள்கள் வைரம், சிப்பி, முத்து என்பன. சிப்பியின் உட்புறம் ஏன் வானவில்போல் மின்னுகின்றது? சுண்ணமும் சிறிதளவு உயிர்ப்பொருளும் அடுக்கடுக்காக அமைந்திருத்தலாலே என்பதை 1930களில் அவர் ஆராய்ந்து காட்டினார். ஓரடுக்கின் தடிப்பு அரை மைக்கிரோமீற்றர் அளவே. மன்னார்க் கடலில் முத்துக் குளித்த மக்களின் வழிவந்த நாம், அம்முத்தினுள் இத்தகைய கட்டடக்கலை இருந்ததை அறிந்தோமில்லை. மீற்றரின் நூறு கோடியில் ஒருபங்காகிய நனோமீற்றர் அளவிற் பொருளை அமைக்கும் இன்றைய நனோ தொழில்நுட்பத்தார், வன்மைக்கு முன்மாதிரியாகக் கொள்வனவற்றுள் அச்சிப்பியும் ஒன்று.

மனிதரின் பல்லும் அத்தகைய அமைப்பே. பல்லின் மேற்போர்வையாகிய மிளிரியில் நிறைப்படி நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்களவு ஐதரொட்சி அபடைற்று என்னும் கல்சியம் பொஸ்பேற்றுக் கனிப்பொருள் உண்டு. அதன் பளிங்குகள் சில பத்து நனோமீற்றர் அகலமே உடையவை. வானை நீலமாக்கும் அதே சிதறல், முன்வெட்டும் பல்லின் நுனியிலும் மெல்லிய நீலச் சாயலைத் தருகின்றது. இனிப்பை உண்ணும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் அமிலம் மிளிரியின் உட்புறத்தைக் கரைக்கும்போது அங்கே நுண்டுளைகள் தோன்றும். ஒளி மிகுதியாகச் சிதறும். அவ்விடம் சுண்ணாம்புபோல் வெளுக்கும். பல் வைத்தியர் காற்றூதிப் பல்லை உலர்த்திப் பார்ப்பதும் இதனாலேயே: துளையிலுள்ள நீர் நீங்கிக் காற்றுப் புகுந்தால் ஒளி முறிவின் வேறுபாடு பெருகி, வெண்புள்ளி தெளிவாகத் தெரியும். குழி விழாத அந்நிலையிற் புளோரைட்டுப் பூச்சாலும் துப்புரவாலும் நோயை நிறுத்தலாம்.

இங்கேதான் இராமன் விளைவு துணைக்கு வருகின்றது. மிளிரியின் பொஸ்பேற்றுக்குரிய கோடு, சென்றிமீற்றருக்கு 960 அலையெண் அருகே கூர்மையாகத் தோன்றும். நலமான மிளிரியிற் பளிங்குகள் ஒழுங்காக நிரைகொண்டிருத்தலின் அக்கோட்டின் முனைவாக்கம் ஒரு தன்மையாயிருக்கும். தொடக்கச் சூத்தையில் அவ்வொழுங்கு குலையும். இதனை ஆய்வாளர் அளந்து காட்டியுள்ளனர். பல்லடைப்புப் பிசினில் இறுகாது எஞ்சிய இணைப்புகளை 1640 அலையெண் அருகுள்ள கோடு காட்டிக்கொடுக்கும். சிர்க்கோனியா முடிகளின் பளிங்கமைப்பு ஈரத்தால் மெல்ல மாறி வலுவிழப்பதையும் இம்முறையால் முன்கூட்டி அறியலாம்.

இப்பிசினுள் இன்று கலக்கப்படும் நனோத் துகள்கள் கட்புல ஒளியின் அலைநீளத்தினும் மிகச் சிறியன. ஆதலால் ஒளியைச் சிறிதே சிதறி, இயற்கைப் பல்லின் தெளிவையும் மினுக்கத்தையும் தருகின்றன. வெள்ளியின் கரடான பரப்பில் இராமன் ஒளி பன்மடங்கு பெருகுதல் 1974இல் இங்கிலாந்திற் காணப்பட்டது. அதைக்கொண்டு எச்சிலிலுள்ள மிகச் சிறிதளவான நோய்க்குறிகளையும் அறிய முயல்கின்றனர். அது பெரும்பாலும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. நம் நாட்டிலும் 2008இல் நனோ தொழில்நுட்ப நிறுவனம் தோன்றியது. பல்லிலுள்ள அதே அபடைற்றின் நனோத் துகள்களோடு யூரியாவை இணைத்து, மெல்லக் கரையும் பசளையாக்கும் முறையை அதன் ஆய்வாளர் 2017இல் வெளியிட்டனர். பல்லுக்குரிய அறிவு வயலுக்கும் செல்கின்றது.

1954இல் பாரத ரத்தின விருது பெற்ற இராமன், 1970 நவம்பர் 21ஆம் நாள் பெங்களூரிற் காலமானார். அவரது ஆராய்ச்சி நிலையத்துத் தோட்டத்திலேயே உடல் தகனஞ் செய்யப்பட்டது. அவ்விடத்தில் நிற்பது ஒரு மரமே.

1990களில் மின்சாரமின்றி, போத்தல் விளக்கின் முன்னிருந்து கற்ற தலைமுறையினர் நாம். இருநூறு ரூபாக் கருவியின் கதை எமக்கு அன்று பெரும் ஆறுதல். இன்று எண்ணிப் பார்க்கையில், வறுமை தானே அறிவைத் தருவதன்று என்பதும் விளங்குகின்றது. இராமனுக்கு வேண்டியிருந்தது மாலையிலும் திறந்திருந்த ஒரு கதவு. முன்பின் அறியாத கணக்கு உத்தியோகத்தருக்கு அக்கதவு திறவாதிருந்தால் அவ்வொளி வெளிப்பட்டிராது. இவ்விழாவை முன்னிட்டு மண்டபமும் வளைவும் எழுப்ப விழையும் பழைய மாணவர்களை, உள்நாட்டாரையும் கடல்கடந்து வாழ்வாரையும், ஒன்று வேண்டுகின்றோம். பாடசாலை விட்டபின் இரண்டு மணிநேரம் நம் விஞ்ஞான ஆய்வுகூடம் திறந்திருக்கவும், அங்கே ஓர் உதவியாளர் இருக்கவும் வழி செய்வோமாக. கரவெட்டிப் பிள்ளையொன்று அக்கதவை நாடி வருங்காலத்து, அது பூட்டிக் கிடத்தலாகாது.